வில்லுக்கத்தியும் கொல்லன் தேர்ந்த உருக்கும்

அலகு கைப்பிடிக்குள் மடிந்து அடங்கும் சிறு கத்தியைத் தமிழர் மடக்குக்கத்தி என்றும் பேனாக்கத்தி என்றும் வழங்குவர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் அதற்கு வில்லுக்கத்தி என்றொரு பெயர் உண்டு. மடக்குக்கத்தி என்னும் பெயர் கத்தியின் செயலைக் காட்டுகின்றது. பேனாக்கத்தி என்பது அதன் பயனைக் காட்டுகின்றது. வில்லுக்கத்தி என்பதோ, கண்ணுக்கு எளிதிற் புலப்படாமல் கைப்பிடியின் முதுகில் மறைந்திருந்து அலகை ஆளும் உறுப்பைக் காட்டுகின்றது. அம்பெய்யும் கருவிக்கு உரிய வில் என்னும் சொல்லை, வளைந்து கொடுத்து விட்டவுடன் பழைய நிலைக்கு மீளும் எப்பொருளுக்கும் தமிழ் மக்கள் விரித்து வழங்கினர். வில்வண்டியும் மணிக்கூட்டின் வில்லும் லொறியின் வில்லும் அவ்வாறு பெயர் பெற்றவையே.

இச்சிறு வில்லை எப்பொருளாற் செய்வது என்பது கொல்லன் முன்னுள்ள ஒரு வினா. கேட்பதற்குச் சிறு வினாவாகத் தோன்றினும், அதனுள் ஒரு நாட்டின் நிலவியலும் வாணிகமும் எழுத்து வரலாறும் அடங்கிக் கிடக்கின்றன. ஏனெனில் அவ்வினாவை எதிர்கொண்ட யாழ்ப்பாணத்துக் கொல்லன், இரும்பே விளையாத மண்ணில் உலை மூட்டியவன்.

யாழ்ப்பாணக் குடாநாடு மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல்லின்மேல் அமைந்த தட்டையான நிலம். கிணறு தோண்டினாற் கல்லும் நீரும் உண்டு. காங்கேசன்துறையிற் சீமெந்துத் தொழிற்சாலை எழுவதற்கும் அக்கல்லே காரணமாயிற்று. செம்மண்ணுக்குச் சிவப்பு நிறம் தருவது இரும்பின் ஒட்சைட்டே எனினும், அம்மண்ணை உருக்கி இரும்பு எடுத்தல் பயன் தராது. ஆகவே கலப்பையின் கொழு முதற் பாளைக்கத்தி வரை, குடாநாட்டின் கருவிகளுக்கு வேண்டிய இரும்பு முழுவதும் வெளியிலிருந்தே வந்திருத்தல் வேண்டும்.

அவ்வாறு வந்த இரும்பு மிகப் பழைய காலந்தொட்டே இங்கு பயின்றது. கந்தரோடையில் 1970ஆம் ஆண்டிலும், ஆனைக்கோட்டையில் 1980ஆம் ஆண்டிற் பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தாராலும் நிகழ்ந்த அகழாய்வுகள், தென்னிந்தியாவின் பெருங்கற்காலப் பண்பாட்டோடு உறவுடைய மக்கள் இம்மண்ணில் வாழ்ந்தமையைக் காட்டின. பெருங்கற்காலப் பண்பாடு இரும்பின் பயனை அறிந்த பண்பாடு என்பது யாவரும் அறிந்ததே.

குடாநாட்டின் இரு பக்கத்திலும் உருக்குத் தொழிலிற் சிறந்த நாடுகள் இருந்தன. தெற்கே, இலங்கையின் மலைநாட்டுச் சரிவிற் சமனலவெவ என்னும் இடத்தில் உலகோர் வியக்கும் உலைகள் இயங்கின. தென்மேற்குப் பருவக்காற்று வேகமாக மோதும் மலைச்சரிவுகளிற் காற்றையே துருத்தியாகக் கொண்டு அங்கு இரும்பு உருக்கினர். கில் ஜூலெவ் என்னும் தொல்லியலறிஞர் அவ்வுலைகளை ஆராய்ந்து, அத்தகைய உலையொன்றை மீளக் கட்டி இயக்கியும் காட்டி, 1996ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். கி. பி. ஏழாம் நூற்றாண்டு முதற் பதினோராம் நூற்றாண்டு வரை அத்தொழில் அங்கு ஓங்கியிருந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் வாள்களைப் பற்றி நூல் எழுதிய அராபிய அறிஞர் அல்-கிந்தி, சரந்தீபு எனப்பட்ட இலங்கையின் உருக்கையும் குறிப்பிட்டுள்ளார்.

வடக்கே, கடலுக்கு அப்பால், கொங்குநாட்டுக் கொடுமணலில் இரும்பும் உருக்கும் செய்தமைக்குச் சான்றுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. தேனிரும்பை மரத்துண்டு, இலை முதலியவற்றோடு சிறிய மண்மூசையில் இட்டு மூடி, நெடுநேரம் ஊதிக் காய்ச்சினால், கரியை உட்கொண்டு இரும்பு உருகும். ஆறியபின் மூசையை உடைத்தாற் கையளவான உருக்குக் கட்டி கிடைக்கும். உருகிப் பெறப்பட்டமையால் அது உருக்கு எனப்பட்டது. தமிழின் உருக்கு, கன்னடத்தின் உக்கு என்னும் சொற்களே ஐரோப்பியர் வாயில் ‘வூட்சு’ எனத் திரிந்து உலகெங்கும் பரவின என்பர் அறிஞர்.

ஈழத்தின் உருக்குத் தொழில் முற்றாக மறையுமுன் அதனை எழுத்திற் பதித்தவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைமை வகித்த அவர், எஞ்சியிருந்த உருக்காளரைத் தேடிக் கண்டு, அவர்தம் தொழின்முறையை 1908ஆம் ஆண்டில் வெளிவந்த தமது இடைக்காலச் சிங்களக் கலை என்னும் பெருநூலிற் சேர்த்தார். அவர் காலந் தாழ்த்தியிருப்பின், அத்தொழிலைச் செய்து காட்டக் கைகள் இருந்திரா.

இனி, குடாநாட்டுக் கொல்லனின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கடல் கடந்தோ வன்னிக்காடு கடந்தோ வந்த உருக்கு அவனுக்கு அரும்பொருள். ஆதலின் அதனைச் சிக்கனமாகவே ஆண்டான். கருவியின் உடலை மெல்லிய இரும்பினாற் செய்து, வெட்டும் வாயில் மட்டும் உருக்கை வைத்துக் காய்ச்சி இணைத்தல் பழங்காலக் கொல்லர் உலகெங்கும் கண்ட வழி. கத்தியின் வாய்க்கு விரலளவு உருக்குப் போதும். வில்லுக்கோ அவ்வழி உதவாது. வளையும் நீளம் முழுவதும் ஒரே தன்மையான உருக்காக இருந்தால் அன்றி வில் மீளாது. இரும்பும் உருக்கும் கலந்த துண்டு மெலிந்த இடத்தில் மடிந்து நின்றுவிடும்.

பழைய தமிழ்நிலத்து மடக்குக் கருவிகள் வில்லின்றி அமைந்தமைக்கு இச்சிக்கனமும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு. அவற்றுள் மிகச் சிறந்தது மடக்கெழுத்தாணி. குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என எழுத்தாணிகள் பல வகைப்படும். மடக்கெழுத்தாணியில் ஒரு கைப்பிடியின் ஒரு முனையில் ஏட்டில் எழுதும் ஊசியும், மறுமுனையில் ஏட்டை நறுக்கி ஒப்பனை செய்யும் சிறு கத்தியும் பொருந்தியிருக்கும். இரண்டும் மடிந்து பிடிக்குள் அடங்கும். பனையோலையே தாளாகவும் பனையே வாழ்வாகவும் இருந்த யாழ்ப்பாணத்திற் புலவரும் கணக்கரும் மடியிற் செருகிச் சென்ற கருவி இதுவாகும். பிடியின் பிளவு அலகை இருபுறமும் நெருக்க, குறுக்கே அறைந்த தறை அதனை இறுக்கும். அவ்வுராய்வே அலகை நிறுத்தும். நாளடைவில் தறை தளரின் கொல்லன் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி மீண்டும் இறுக்குவான். உடையும் உறுப்பு எதுவும் இல்லாமையால் அக்கருவி தலைமுறைகள் கடந்தும் நிலைத்தது.

யாழ்ப்பாணத்து இல்லங்களில் ஓலை வாருகின்ற சத்தகமும், தடியின் நுனியிற் கட்டிக் குழை பறிக்கும் கொக்கச் சத்தகமும், மரமேறுவோரின் பாளைக்கத்தியும் வில் வேண்டாதவை. ஆகவே வில்லுக்கத்தி இம்மண்ணில் இயல்பாக முளைத்த கருவி எனக் கூறுதற்கில்லை. அது பிறிதொரு நாட்டின் தேவையிற் பிறந்து, கடல் வழி வந்து, இங்கு ஒரு தமிழ்ப் பெயர் பெற்றது.

மடக்குக்கத்தி ஐரோப்பாவிலும் பழையதே. கிறித்துவுக்கு முற்பட்ட இரும்புக்காலத்து மடக்குக்கத்திகளும், உரோமர் காலத்தனவும் அகழாய்வுகளிற் கிடைத்துள்ளன. அவையும் உராய்வினால் நின்றவையே. கைப்பிடியின் முதுகில் நீண்ட உருக்கு வில்லொன்றைப் பொருத்தி, அதன் நுனி அலகின் அடிப்பகுதியை அழுத்துமாறு செய்யும் முறை பதினேழாம் நூற்றாண்டளவில் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரிற் பெருகியது. அலகை விரிக்கும்போது வில் சிறிது மேலெழுந்து வளையும். அலகு முற்றும் விரிந்ததும் வில் தன் இடத்தில் விழுந்து அதனைப் பற்றும். அப்போது எழும் ‘டக்’ என்னும் ஒலியே நல்ல வில்லுக்கத்தியின் அடையாளம்.

அதே நூற்றாண்டில் வில்லின் இயல்பை ரொபேட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் ஆராய்ந்தார். ஒரு வில் எவ்வளவு நீள்கின்றதோ அல்லது வளைகின்றதோ, அதற்கு விகிதசமமாகவே அதன் எதிர்விசையும் வளரும் என்பது 1678ஆம் ஆண்டில் அவர் விளக்கி வெளியிட்ட விதி. எனினும் விதியை அறிந்தவுடன் நல்ல வில் கிடைத்துவிடவில்லை. அக்காலத்து ஐரோப்பிய உருக்கு, இரும்புப் பாளங்களைக் கரியோடு புதைத்து நாட்கணக்காகச் சூடேற்றிப் பெறப்பட்டது. கரி வெளிப்புறத்தில் மிகுந்தும் உள்ளே குறைந்தும் இருந்தமையால், அதிற் செய்த வில் ஓரிடத்தில் ஒடிந்தும் ஓரிடத்தில் வளைந்து கிடந்தும் கெட்டது.

இக்குறையைத் தீர்க்க முயன்றவர் வாள் செய்பவரோ பீரங்கி வார்ப்பவரோ அல்லர். பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்னும் மணிக்கூடு செய்பவரே அவர். தம் மணிக்கூடுகளின் வில்லுக்கும் ஊசலுக்கும் ஏற்ற உருக்கு வேண்டி, 1740களில் ஷெஃபீல்டுக்கு அண்மையிற் பல சோதனைகள் செய்து, மூசையில் உருக்கை முற்றாக உருக்கி வார்க்கும் முறையை அவர் கண்டார். உருகிய உருக்கில் கரி எங்கும் சமமாகப் பரவியது. ஷெஃபீல்டின் பிற்காலப் பெருமைக்கு அது அடிப்படையாயிற்று. ஒரு சிறு வில்லின் தேவையே ஐரோப்பாவுக்கு மூசையுருக்கைத் தந்தது. கொங்குநாட்டாரும் ஈழத்தவரும் அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே மூசையிற் காய்ச்சிய பொருள் அது என்பதை எண்ணும்போது, வரலாற்றின் போக்கு வியப்பைத் தருகின்றது.

அவ்வுறவு ஐரோப்பியருக்கும் விரைவிற் புலனாயிற்று. 1795ஆம் ஆண்டில் ஜோர்ஜ் பியர்சன் என்பார் இந்தியாவின் வூட்சு உருக்கைப் பற்றி இலண்டன் வேத்தியற் கழகத்தில் ஆய்வுரை அளித்தார். அதே ஆண்டிலேதான் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் கைக்கு மாறியது. பின்னர் ஜேம்ஸ் ஸ்ரோடாட் என்னும் கத்தி செய்பவரும், கொல்லரின் மகனாகிய மைக்கேல் பரடேயும் ஒன்றுசேர்ந்து வூட்சின் தன்மையை அறிய முயன்று, கலப்புருக்கு ஆராய்ச்சிக்கு வழி திறந்தனர். பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய ஜோசையா மார்ஷல் ஹீத், பிற்றை நாளில் ஷெஃபீல்ட் சென்று, உருக்கில் மங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் உரிமை பெற்றார். மங்கனீசு இன்றும் வில்லுருக்கின் இன்றியமையாத கூறாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடாநாட்டின் எழுத்துவாழ்வு மாறத் தொடங்கியது. 1816இல் அமெரிக்க மிசனரிமார் வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தோன்றியது. மானிப்பாயிலும், பின்னர் வண்ணார்பண்ணையில் நாவலர் அமைத்த கூடத்திலும் அச்சியந்திரங்கள் ஓடின. ஏட்டின் இடத்தைத் தாளும், எழுத்தாணியின் இடத்தை இறகுப் பேனாவும் மெல்ல மெல்லக் கவர்ந்தன. இறகின் நுனியைச் சீவுவதற்கு ஐரோப்பியர் வைத்திருந்த சிறு மடக்குக்கத்தியே பேனாக்கத்தி. முன்னர் ஓலை நறுக்கிய கத்தி மடக்கெழுத்தாணியில் இருந்தது; பின்னர் இறகு சீவிய கத்தி வில்லோடு வந்தது. இரு கத்திகளும் எழுத்துக்கே ஏவல் செய்தன.

வில்லோடு வந்த கத்தி, வில்லின் நோயையும் உடன்கொண்டு வந்தது. வில் ஒடிந்தால் அலகு கூரியதாயிருந்தும் கத்தி பயனற்றதாகும். ஷெஃபீல்டுக்கு அனுப்பித் திருத்துவார் யார்? ஊர்க் கொல்லனிடமே கொண்டு செல்வர். அங்கேதான் பொருள் தேரும் வினா எழுந்தது.

கொல்லன் முன் பல பொருள்கள் கிடந்தன. பொதி கட்டிவரும் பட்டியிரும்பு அளவாற் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் அதிற் கரி மிகக் குறைவு. ஒருமுறை வளைத்தால் வளைந்தபடியே கிடக்கும். பித்தளைத் தகட்டைக் குளிர்ந்த நிலையிற் சுத்தியலால் அடித்தால் அது ஓரளவு வில்தன்மை பெறும். துருப்பிடியாது என்பது அதன் சிறப்பு. உருக்கின் வலிமையில் ஒரு பங்கே உண்டு என்பது அதன் குறை. தேய்ந்த அரம் கரி மிகுந்த நல்லுருக்கு. நூற்றுக்கு ஒரு பங்கோ அதற்குச் சிறிது கூடவோ கரி கொண்டிருக்கும். கத்தி அலகுக்கு அது மிக உகந்தது. எனினும் பல் வெட்டிய பள்ளங்களை அடியோடு தேய்த்து நீக்காவிடின் அப்பள்ளத்திலேயே வில் வெடித்து ஒடியும். மணிக்கூட்டு வில் தூய உருக்கே. ஆயின் தாள்போல் மெல்லியதாதலின் கத்தியின் முதுகை நிறைக்காது.

இத்தேர்வின் பின்னுள்ள கணக்கு நுட்பமானது. ஒரே அளவு வளைவுக்கு, வில்லின் தடிப்பை இருமடங்காக்கினால் அதன் விசை எண்மடங்காகும்; அதனுள் எழும் தகைப்பும் இருமடங்காகும். தடித்த வில் நகத்தை உடைக்கும். விரைவிற் களைத்தும் போகும். மிக மெல்லிய வில் அலகைப் பற்றாது. மேலும், மெல்லிரும்பும் பதமிட்ட உருக்கும் ஒரே பாரத்துக்கு ஏறக்குறைய ஒரே அளவுதான் வளையும். பதமிடுதல் வில்லை விறைப்பாக்குவதில்லை. எவ்வளவு தூரம் வளைத்தபின்னும் மீளும் என்னும் எல்லையையே அது உயர்த்துகின்றது. வளைவதில் எல்லா இரும்பும் ஒன்றே; மீள்வதில்தான் உயர்வு தாழ்வு.

இருபதாம் நூற்றாண்டு கொல்லனுக்கு ஒரு பெருங்கொடையை அளித்தது. 1905ஆம் ஆண்டிற் கொழும்புக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே புகையிரதப் பாதை நிறைவுற்றது. தொடர்ந்து மோட்டார் வண்டிகளும் லொறிகளும் பெருகின. அவற்றின் அச்சின்மேல் அடுக்கடுக்காகக் கிடந்த வில்தகடுகள் ஒடிந்தபோது, உலைக்களத்தில் அவை புதுவாழ்வு பெற்றன. வாகன வில்லுக்குரிய உருக்கில் நூற்றுக்கு அரைப்பங்கு முதல் அதற்குச் சிறிது மேற்பட்ட அளவு கரியும், அதனோடு மங்கனீசும், சிலிக்கனோ குரோமியமோ சேர்ந்திருக்கும். அது கடினமும் ஆகும். எளிதில் ஒடியவும் மாட்டாது. மண்வெட்டி, கோடரி, கொடுவாக்கத்தி யாவற்றுக்கும் பொருந்தும். வில்லுக்கத்தியின் வில்லாவதற்கோ அது பிறப்பிலேயே உரிமை பெற்றது. தாதுப்பொருள் இல்லாத மண்ணுக்கு, ஒடிந்த வண்டியே சுரங்கமாயிற்று.

பழைய இரும்பை வாங்குபவன் அதன் வரலாற்றையும் சேர்த்தே வாங்குகின்றான். நெடுங்காலம் பாரம் சுமந்து களைத்த தகட்டிற் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை வெடிப்புகள் இருத்தல் கூடும். ஆகவே தட்டி ஒலி கேட்டல், ஒரு மூலையை ஒடித்து மணியின் நுண்மையைப் பார்த்தல், சாணைக்கல்லில் உரைத்துப் பொறியின் கிளைகளை நோக்கல் ஆகிய சோதனைகள் தேவையாகின்றன. கரி மிகுந்த உருக்கின் பொறி பூப்போல் வெடித்துக் கிளைக்கும். கரி குறைந்த இரும்பின் பொறி நீண்ட கோடாக ஓடி அணையும்.

பொருள் தேர்ந்தபின் பதமிடும் செயல் தொடங்கும். துண்டைச் செந்தழலாகக் காய்ச்சி, காந்தம் பற்றாத நிலையையும் சிறிது கடந்தபின், எண்ணெயில் ஆழ்த்துவர். நீர் மிக விரைவாகக் குளிர்விப்பதால் இவ்வகை உருக்கை வெடிக்கச் செய்யும். இப்போது துண்டு கண்ணாடிபோற் கடினமாகவும் நொறுங்குவதாகவும் இருக்கும். அதனைத் துலக்கி மீண்டும் மெதுவாகச் சூடேற்றினால் அதன் மேற்பரப்பில் நிறங்கள் ஓடும். முதலில் வைக்கோலின் வெளிர்மஞ்சள், பின்னர் கபிலம், பின்னர் ஊதா, அதன்பின் நீலம். கத்தியின் அலகுக்கு வைக்கோல் நிறத்திலும், வில்லுக்கு நீல நிறத்திலும் நிறுத்தல் வேண்டும். அந்நீலம் ஏறக்குறைய 300 சதமளவைப் பாகையிற் தோன்றுவது. வெப்பமானி இல்லாத உலைக்களத்தில் நிறமே அளவுகோல்.

அலகினும் வில் சிறிது மென்மையாதல் நலம். இரண்டும் ஒத்த கடினமாயின் ஒன்றையொன்று அராவித் தேயும். வில் ஒடியவும் கூடும். 1897இற் சுவிற்சர்லாந்துக்காரராகிய கார்ல் எல்செனர் பதிவு செய்த அதிகாரிகளின் கத்தி, ஒரே வில்லின் இருபுறத்தாலும் அலகுகளை இயக்கிப் புகழ் பெற்றது. அவர் வழிவந்த நிறுவனம் அலகுக்கு ரொக்வெல் அளவையில் 56உம், வில்லுக்கு 49உம் கடினத்தன்மை எனக் குறித்துள்ளது. வைக்கோல் நிறமும் நீல நிறமும் வெவ்வேறாதலின் உட்பொருளை அவ்வெண்கள் வேறு மொழியிற் கூறுகின்றன.

குடாநாட்டுக்குச் சிறப்பான இன்னொரு பகை உப்புக்காற்று. மூன்று புறமும் கடலும் நடுவே கடனீரேரியும் சூழ்ந்த நாட்டில், மறைவிடத்துள்ள வில்லே முதலிற் துருவேறும். துருவின் சிறு குழியிலிருந்தே வெடிப்புத் தோன்றும். 1913இல் ஷெஃபீல்டின் ஹரி பிறியர்லி கண்ட துருவா உருக்கு இத்துன்பத்தைப் பெரிதும் குறைத்தது. எனினும் அதனைப் பதமிட மிகுந்த வெப்பமும் கட்டுப்பாடும் வேண்டுமாதலின், துருத்தியும் கரியும் கொண்ட ஊருலைக்கு அது எளிதில் இணங்குவதன்று. ஊர்க் கொல்லனின் வில்லுக்கத்திக்குக் காலந்தோறும் ஒரு துளி எண்ணெயே காப்பு.

போர் வந்தபோது இவ்வழக்கங்கள் யாவும் அலைக்கழிந்தன. 1990இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றது. தண்டவாளங்களும் குறுக்குக்கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளின் கூரையாயின. பொருட்டடையின் ஆண்டுகளில், இருந்ததைக் கொண்டு வேண்டியதைச் செய்தல் என்னும் கொல்லனின் பழைய நெறி குடாநாட்டு மக்கள் அனைவரதும் வாழ்க்கை நெறியாயிற்று. 2014 ஒக்டோபரிற் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. பாதை மீண்டது, ஆயின் இடம்பெயர்ந்து சிதறிய உலைக்களங்கள் யாவும் மீண்டன எனக் கூறுதற்கில்லை.

இன்று ஆலைகளிற் செய்த மலிவான கத்திகள் கடைதோறும் தொங்குகின்றன. வில் ஒடிந்தால் எறிந்துவிட்டு வேறொன்று வாங்குவதே எளிது. கத்தி பெறுவதில் மக்களுக்கு இழப்பொன்றும் இல்லை. இழப்பு வேறிடத்தில் உள்ளது. எந்த இரும்பு மீளும், எது மீளாது என்பதைக் கண்ணாலும் காதாலும் அறிந்த கல்வி ஏட்டில் எழுதப்பட்டதன்று. ஏடு எழுதுவோருக்கு எழுத்தாணி செய்து கொடுத்தவன் தன் தொழிலை எழுதி வைக்கவில்லை. அவனுக்காக எழுதியவரும் மிகச் சிலரே. மலைநாட்டு உருக்காளருக்கு ஓர் ஆனந்த குமாரசுவாமி வாய்த்தார். குடாநாட்டுக் கொல்லனின் தேர்வறிவும் அத்தகைய ஒரு கைக்குக் காத்திருக்கின்றது. உலைகள் சில இன்னும் எரிகின்றன; கேட்டு எழுதுவோர்க்குக் காலம் முற்றும் கடந்துவிடவில்லை.

அதுவரையில் அவ்வறிவுக்குச் சான்றாக நிற்பது ஒரு சொல். வெளியே மின்னும் அலகைப் பாராமல், உள்ளே மறைந்து வளைந்தும் மீண்டும் உழைக்கும் வில்லைக் கண்டு கத்திக்குப் பெயரிட்டவர் யாரோ, அவர் கொல்லனின் தொழிலை நன்கு அறிந்தவராதல் வேண்டும்.